அலுப்பு உடம்பிலா... அலமாரியிலா?

காலையில் எழுந்திருக்கும்போதே அலுப்பாக இருக்கிறதா? ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கியாச்சு. சாப்பாட்டிலும் குறையில்லை. ஆனாலும் கூடத்துக்கு வந்து நின்றதும், 'அப்பாடா... இத்தனையையும் இன்னிக்கு யார் செய்யறது?' என்று தோள் தொய்ந்து போகிறதா?

உடனே டானிக் பாட்டிலைத் தேடாதீர்கள். (தேடினாலும் கிடைக்காது, அதை எங்கே வைத்தோம் என்று உங்களுக்கே நினைவிருக்காது!) ஒரு நிமிஷம் நின்ற இடத்திலேயே நின்று சுற்றிப் பாருங்கள்.

நாற்காலி மேல் மடிக்காத துணி. டி.வி. பக்கத்தில் கரண்ட் பில், போன வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை, எழுதாத பேனா. சாப்பாட்டு மேஜையில் பாதி பள்ளிக்கூடப் புத்தகம், பாதி மாத்திரை அட்டை. கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கவே பயம்.

உங்கள் அலுப்பில் ஒரு பங்கு இங்கேயும் இருக்கலாம். 'அதெப்படி?' என்கிறீர்களா? திட்டக்குடியிலிருந்து பக்கத்து ஊர் வரைக்கும் ஒரு நடை போய் வருவோம், வாருங்கள்.

பட்டறை சொல்லும் பாடம்

திட்டக்குடியில் பஸ் ஏறினால் பெண்ணாடம், அதைத் தாண்டினால் விருத்தாசலம். பீங்கானுக்குப் பெயர் போன ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும் அந்தத் தொழிலைக் கற்றுத்தரும் பயிலகமும் அங்கே உண்டு. உங்கள் வீட்டுக் கார்த்திகை அகல் விளக்கோ, அலமாரி பொம்மையோ, மீட்டர் பெட்டியில் இருக்கும் ஃபியூஸ் கட்டையோ அங்கிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம்.

பீங்கான் எப்படிச் செய்கிறார்கள்? களிமண்ணையும் கல் மாவையும் தண்ணீர் விட்டு அரைத்துக் கூழாக்குகிறார்கள். அந்தக் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். வடிவம் பிடித்ததும் அச்சைப் பிரித்துக் காய வைக்கிறார்கள். பிறகு பிசிறு நீக்கி, மெருகு பூசி, 1,000 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் சூளையில் சுடுகிறார்கள்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஜோடி. ஒரு பொம்மைக்கு அச்சு இரண்டு பாதியாக இருக்கும். ஒரு பாதி கையில் இருந்து, மறு பாதி எந்த மூலையில் என்று தெரியாவிட்டால் வேலை நின்றுவிடும். நம் வீட்டில் டப்பா ஓரிடம், மூடி ஓரிடம் இருப்பதும் அதே கதைதானே!

இரண்டாவது, இடைவெளி. ஈரப் பாண்டங்களை நெருக்கி அடுக்கினால் ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஈரமாகவே நிற்கும். சீராகக் காயாத பாண்டம் விரிசல் விடும். நெருக்கம் மண்ணையே உடைக்கிறது என்றால் மனுஷரைச் சும்மா விடுமா?

மூன்றாவது, தூசி. அதற்குப் பிறகு வருகிறேன். அதுதான் இருப்பதிலேயே முக்கியம்.

கண் பார்க்கிறது, மூளை களைக்கிறது

'சாமான் அதுபாட்டுக்குக் கிடக்குது. அது என்னை என்ன பண்ணும்?' என்று நினைக்கிறோம். நம் கண் எதையும் 'அதுபாட்டுக்கு' விடுவதில்லை.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றிப் பேசுகிறது. பார்வைக்குள் பல பொருள்கள் ஒரே சமயத்தில் இருந்தால், மூளையின் பார்வைப் பகுதியில் அவை ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. வேண்டியதைக் கவனிக்க, வேண்டாததை ஒதுக்க வேண்டும். இப்படி ஒதுக்குவதும் மூளைக்கு ஒரு வேலைதான்.

நம் பெண்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. நாற்காலியில் கிடக்கும் துணி அவர்களுக்கு வெறும் துணி இல்லை. 'என்னை மடி' என்கிறது. கரண்ட் பில் 'தேதி போயிடப் போவுது' என்கிறது. உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிப்பதற்குள் பத்து வேலைகள் கூப்பிடுகின்றன. ஒன்றையும் செய்யவில்லை, ஆனாலும் களைப்பு!

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 30 குடும்பங்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2010-ல் வெளிவந்தது. அவரவர் வீட்டை அவரவரே சுற்றிக் காட்டிப் பேச வேண்டும். 'ஒரே குப்பை', 'பாதியில் நிற்கிறது' என்று அதிகம் சொன்ன மனைவிகளுக்குப் பகல் போகப் போக மனம் சோர்ந்தது. 'கார்ட்டிசால்' என்ற ஹார்மோன் காலையில் ஏறி, மாலையில் நன்றாக இறங்க வேண்டும். அவர்களுக்கு அது சரியாக இறங்கவில்லை. வீடுதான் இதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு தீர்ப்புச் சொல்லவில்லை. வீட்டின் நிலையும் மனசின் நிலையும் சேர்ந்தே போகின்றன என்று காட்டியது. கணவர்களிடம் இந்தத் தொடர்பு அவ்வளவாகக் காணப்படவில்லை. ஏன் என்று நான் சொல்ல வேண்டுமா என்ன?

தூசியைத் தட்டாதீர்கள், துடையுங்கள்!

இப்போது பட்டறையின் மூன்றாவது பாடத்துக்கு வருவோம்.

பீங்கான் மண்ணிலும் கல் மாவிலும் 'சிலிக்கா' இருக்கிறது. ஈரமாக இருக்கும்வரை அது சாது. காய்ந்து பறந்தால் ஆபத்து. நம் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள் நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடும். இந்தச் சிலிக்கா துகள்களை வருஷக்கணக்கில் சுவாசித்தால் 'சிலிக்கோசிஸ்' என்ற நோய் வரலாம். நுரையீரல் தழும்பேறிப் போகும். மருந்தால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. வராமல் தடுக்கத்தான் முடியும். அது வந்தவர்களுக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பும் அதிகம். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், இதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது.

அதனால்தான் 'காய்ந்த தரையைப் பெருக்காதே, நனைத்துத் துடை' என்பது பீங்கான் தொழிலில் அடிப்படைப் பாதுகாப்பு விதி.

உங்கள் வீட்டில் யாராவது பீங்கான் பட்டறைக்கோ கல் உடைக்கும் குவாரிக்கோ வேலைக்குப் போகிறார்களா? அவர்கள் துணியோடு தூசியும் வீட்டுக்கு வரும். வாசலிலோ குளியலறையிலோ உடை மாற்றச் சொல்லுங்கள். அந்தத் துணியை உதறாமல் தண்ணீரில் முக்கித் தனியாகத் துவையுங்கள். குழந்தை ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொள்வது குளித்த பிறகு இருக்கட்டும்.

சாதாரண வீட்டுத் தூசியால் சிலிக்கோசிஸ் வந்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் அது வேறு விதத்தில் படுத்தும். மெத்தை, தலையணை, திரைச்சீலை, மூலையில் குவிந்த பழந்துணி ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் குடியிருக்கும். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதனால் தும்மல், மூக்கடைப்பு, இளைப்பு. ராத்திரி மூக்கடைத்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் காலையில் அலுப்பு. நாம் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம், பார்த்தீர்களா?

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை, முடிந்தால் வெந்நீரில், துவையுங்கள். மெத்தையை வெயிலில் போடுங்கள். அலமாரியை ஈரத் துணியால் துடையுங்கள். கோழி இறகு மாதிரி தட்டுகிற தூரிகை, தூசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பி வைக்கும். அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை: சுத்தம் செய்கிற உற்சாகத்தில் பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் ஒருபோதும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும்.

கொல்லைப்புறமும் வீடுதான்

கூடம் பளபளக்கும். கொல்லையில் உடைந்த ஜாடி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் கிடக்கும். ஐப்பசி மழையில் இவை ஒவ்வொன்றும் குட்டிக் குளம். டெங்கு பரப்பும் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினாலும் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே வாரம் ஒருநாள் தொட்டியையும் குடத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். உதவாத சாமானை அப்புறப்படுத்துங்கள். விறகுக் குவியலிலும் செங்கல் குவியலிலும் தேளும் பாம்பும் தங்கும். அங்கே வெறும் கையை விடாதீர்கள்.

எங்கே ஆரம்பிப்பது?

'ஒரே நாளில் வீட்டையே புரட்டிப் போட்டுடறேன்' என்று கிளம்பாதீர்கள். சாயங்காலத்துக்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வீடு முன்னைவிட மோசமாகிவிடும்.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் 'ஐந்து எஸ்' என்று ஒரு முறை உண்டு. வேண்டாததைப் பிரித்தெடு, வேண்டியதற்கு இடம் வை, துடை, அதையே முறையாக்கு, பழக்கமாக்கு. இவ்வளவுதான் அது. இதை வீட்டுக்கு இப்படிக் கொண்டு வரலாம்:

* தினம் 15 நிமிஷம். ஒரு நாளைக்கு ஓர் இழுப்பறை அல்லது ஒரே ஓர் அலமாரித் தட்டு. அதற்கு மேல் தொடாதீர்கள்.

* முதல் வேலை படுக்கை. விரிப்பை மடித்து, கட்டில் மேல் துணி இல்லாமல் செய்யுங்கள். ராத்திரி படுக்க வரும்போது எந்த வேலையும் உங்களைக் கூப்பிடக் கூடாது.

* சாவி, கண்ணாடி, மாத்திரை மூன்றுக்கும் நிரந்தர இடம். மாத்திரை குழந்தைக்கு எட்டாத உயரத்தில், காலாவதித் தேதி பார்த்து இருக்கட்டும்.

* 'என்னிக்காவது உதவும்' பெட்டி ஒன்று வையுங்கள். சந்தேகமானதையெல்லாம் அதில் போட்டு, மேலே தேதி எழுதுங்கள். ஆறு மாசம் திறக்கவில்லை என்றால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

* போகி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பழைய பிளாஸ்டிக்கையும் டயரையும் போகியன்று கொளுத்தவும் வேண்டாம். அந்தப் புகை நம் பிள்ளைகளின் மூச்சுக்குள்தான் போகும்.

முக்கியமான விஷயம் ஒன்று. இது வீட்டுக்காரி மட்டும் செய்கிற வேலை இல்லை. 2019-ல் மத்திய அரசு நாடு முழுவதும் எடுத்த கணக்கில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். வீட்டை ஒழுங்காக வைக்கச் சொல்லி அந்த 299-ஐ 350 ஆக்கினால் உற்சாகம் எங்கிருந்து வரும்? கணவர் தன் மேஜையையும் தன் துணியையும் பார்த்துக்கொள்ளட்டும். ஐந்து வயசுப் பிள்ளைக்கும் பொம்மையைக் கூடையில் போடத் தெரியும். 'என்னங்க, இந்தத் துணியைக் கொஞ்சம் மடிங்களேன்' என்று கேட்பதில் தப்பே இல்லை!

வீடு சுத்தம், அலுப்பு போகலையா?

ஒரு மாசம் இப்படிச் செய்து பாருங்கள். அப்படியும் அலுப்பு தீரவில்லை என்றால் அலமாரியை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது, தாகம் அதிகம், காரணமில்லாமல் எடை ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்றால் ஒரு மாசம்கூடக் காத்திருக்க வேண்டாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. ரத்தம், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. இத்தனை நாள் வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தவர் திடீரென்று எதையும் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறாரா? இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கமில்லை, பசியில்லை, பேச்சில்லையா? அவரைச் 'சோம்பேறி' என்று திட்டாதீர்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது வீட்டின் அலங்கோலம் காரணமல்ல, அறிகுறி. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மனஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். கட்டணம் கிடையாது.

அதேபோல, வீடு எந்நேரமும் கண்காட்சி மாதிரி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டே இருப்பதும் ஆரோக்கியமல்ல. சாயங்காலம் பிள்ளை விளையாடினால் கூடம் கலையத்தான் செய்யும். கலைந்தது பத்து நிமிஷத்தில் பழைய இடத்துக்குப் போய்விட்டால் அதுவே ஒழுங்கான வீடு.

இன்று ராத்திரி படுக்கப் போகுமுன் ஒன்றே ஒன்று செய்யுங்கள். அந்த நாற்காலி மேல் இருக்கும் துணியை மட்டும் இரண்டு பேராக உட்கார்ந்து மடித்து வையுங்கள். நாளைக் காலையில் கூடத்துக்கு வந்ததும் அந்த நாற்காலி உங்களிடம் எந்த வேலையும் சொல்லாது. காபியோடு அதில் உட்கார்ந்து பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்!