ரூபாய்க்கு எத்தனை பைசா வலி?

இந்த ஆண்டு வார்டுக்குள் காலெடுத்து வைக்கும் நர்சிங், மருத்துவப் பிள்ளைகளுக்கு, வேலூரில் வார்டும் வகுப்புமாகவே தலை நரைத்த ஒருத்தி சொல்வது.

1. முதலில் லாங் பஜாருக்குப் போய் வாருங்கள். சோப்பு, சீப்பு வாங்க அல்ல. லாரியிலிருந்து மூட்டை இறங்கும் நேரத்தில். கழுத்து நரம்பு புடைக்க அரிசி மூட்டை சுமப்பவர் வாயிலிருந்து ஒரு முனகல் வராது. அவரே நாளை குடலிறக்க ஆபரேஷன் முடிந்து உங்கள் வார்டில் படுத்திருப்பார். "வலிக்குதாண்ணே?" என்றால் "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்பார். கை மட்டும் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும்; வந்த இருமலையும் அடக்கிக்கொள்வார். சார்ட்டில் 'வலி இல்லை' என்று எழுதிவிட்டு நகராதீர்கள். இருமாதவர் நெஞ்சில் சளி கட்டும், நடக்காதவர் காலில் ரத்தம் உறையும். திரும்பிப் படுக்கச் சொல்லி, இருமச் சொல்லி, அப்போது முகத்தைப் பாருங்கள். தலையணையைத் தையல்மேல் அணைத்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுங்கள்.

2. வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை அளக்கும் கணக்கு எல்லாருக்கும் பிடிபடாது. "தாங்கவே முடியாத வலியை ஒரு ரூபாய்னு வெச்சா, இப்ப எத்தனை பைசாம்மா?" என்று கேளுங்கள். கடைவீதியில் புழங்கியவர்கள் "முக்கால் ரூபா இருக்கும்" என்று பட்டென்று சொல்வார்கள். சிறு பிள்ளைகளுக்கு முகப்படங்களைக் காட்டலாம். வங்காளத்திலிருந்து வந்த, தமிழ் தெரியாதவருக்கு விரல்கள் போதும்.

3. எங்கே வலி என்பதோடு எப்படி வலி என்றும் கேளுங்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மிஷின்முன் குனிந்திருக்கும் பெண் "கழுத்து பிடிச்சிக்கிச்சு, தோள் கடுக்குது" என்பார். அது பெரும்பாலும் தசை வலி. சர்க்கரைக்காரர் "ராத்திரியானா பாதம் எரியுது, ஊசி குத்துது" என்றால் நரம்பைச் சந்தேகியுங்கள். அதற்கு டைக்ளோஃபெனாக் பெரிதாக உதவாது. அமிட்ரிப்டிலின், காபாபென்டின் என்று மருந்தே வேறு. மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரை என்ன என்பதையும் விசாரியுங்கள். அந்த மாத்திரைகள் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதை இங்கே நிறையவே பார்க்கிறோம்.

4. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடும் காயமும் பட்டுப்பட்டே அழிகின்றன என்று நம் ஊரிலிருந்துதான் உலகுக்குக் காட்டினார். ஆகவே வலிக்கவில்லை என்பவரையும் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பாருங்கள். மரத்துப்போன கால் எரியவும் செய்யும். "உணர்ச்சியே இல்லாத கால் எப்படி எரியும்?" என்று யாரையும் கேட்டுவிடாதீர்கள்.

5. மார்ஃபினுக்குப் பயப்படாதீர்கள், அதை அறிந்துகொள்ளுங்கள். புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே படிப்படியான முறையை வகுத்தது: பாராசிட்டமால் போன்றவை, பிறகு கோடீன் வகை, பிறகு மார்ஃபின். முடிந்தவரை வாய்வழியாக, மணி தவறாமல். வலி வந்தபின் கொடுப்பது அல்ல, வராமல் காப்பது. 1985-இன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் பல மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கவே தயங்கின. 2014-இல் திருத்தம் வந்து வழி எளிதானது. மனசிலிருக்கும் பயம்தான் இன்னும் போகவில்லை. "அப்பா இதுக்கு அடிமையாயிடுவாரா?" என்று மகன் கேட்பார். உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்: வலிக்கு அளந்து, கண்காணித்துக் கொடுக்கும்போது அப்படி ஆவது அரிது. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்கட்டும். மயக்கம் கூடுகிறதா, மூச்சு குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

6. புண்ணுக்குக் கட்டு மாற்றுமுன் வலி மாத்திரை கொடுத்து, அது வேலை செய்ய நேரம் விடுங்கள். கட்டுத்துணி ஒட்டியிருந்தால் சலைன் விட்டு ஊறவையுங்கள். பிய்க்காதீர்கள்.

7. மருந்து கொடுத்ததோடு வேலை முடியவில்லை. ஊசி என்றால் அரை மணியில், மாத்திரை என்றால் ஒரு மணியில் திரும்பப் போய், "இப்ப எத்தனை பைசா?" என்று கேட்டு எழுதுங்கள். குறையவில்லையா, ராத்திரி இரண்டு மணியானாலும் டூட்டி டாக்டரை எழுப்புங்கள். ஷிப்ட் மாறும்போது காய்ச்சல், பி.பி.யோடு அந்தக் கணக்கையும் அடுத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.