ஜப்பான் மொழியில் ஒரு குட்டிக் கதை எழுதுவது எப்படி?



ஜப்பான் மொழி என்றாலே ஆயிரக்கணக்கான எழுத்து என்று எல்லோரும் பயப்படுகிறோம். அந்தப் பயம் பாதிதான் உண்மை. அங்கே எழுத்து மூன்று வகை. ஹிராகானா, கதாகானா, காஞ்சி. (நம்ம காஞ்சிபுரம் இல்லை!) காஞ்சி என்பது சீனத்திலிருந்து வந்த எழுத்து. அதில்தான் கஷ்டம் எல்லாம். ஜப்பான் பிள்ளைகளே ஆரம்பப் பள்ளி ஆறு வருஷத்தில் 1026 காஞ்சி படிக்கிறார்கள், முதல் வகுப்பில் மட்டும் 80. ஆனால் பள்ளிக்கூடமே போகாத சின்னக் குழந்தைக்குக் கதை எழுத ஹிராகானா 46 எழுத்து போதும். நமக்கு 247 தெரியுமே, 46 பெரிசா?

நான் ஏன் இதைப் படிச்சேன் என்று கேட்பீர்கள். என் பெரியப்பா மகள் ஜப்பானில் நகோயாவில் இருக்கிறார். அவர் பொண்ணுக்கு அஞ்சு வயசு. அங்கேயே பாலர் பள்ளி போவதால் ஜப்பான் மொழிதான் சரளமாக வருது. என் பெரியம்மா ஆசையாக வீடியோவில் கூப்பிட்டு "சாப்பிட்டியாடி கண்ணு"ன்னு கேட்பார். அது முழிக்கும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருப்பாங்க, பேச்சே இருக்காது. அதான் பெரியம்மா வளர்க்கிற ஆட்டுக்குட்டியை வைத்து அந்தக் குழந்தைக்குப் புரிகிற மொழியில் ஒரு கதை எழுதலாம் என்று அக்காவிடமே போனில் கேட்டுக் கேட்டுப் படித்தேன்.

முதல் ஆச்சரியம் எழுத்து வரிசை. அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம்ம க, ச, த, ந, ப, ம, ய, ர, வ மாதிரியே வருது பாருங்கள். (ஹ என்பது பழங்காலத்தில் ப-வாக இருந்ததாம்.) இது தற்செயல் இல்லை. பௌத்த மதத்தோடு இந்தியாவிலிருந்து போன வடமொழி எழுத்து வரிசையைப் பார்த்து அங்குள்ள பிக்குகள் அமைத்த வரிசை.

இரண்டாவது, வாக்கியம். ஆங்கிலத்தில் வினைச்சொல் நடுவில் வந்து நம்மைக் குழப்பும். ஜப்பானில் நம்மைப் போலக் கடைசியில் வரும். வேற்றுமை உருபும் பெயருக்குப் பின்னால்தான். "பாட்டி குட்டிக்குத் தண்ணீரைக் கொடுத்தாள்" என்பதை "ஒபாசான் வா கொயாகி நி மிஸு ஒ அகெமாஷித்தா" என்று அதே வரிசையில் சொல்லலாம். "நி" நம்ம "கு". "ஒ" நம்ம "ஐ". கொடுத்தான், கொடுத்தாள், கொடுத்தது எல்லாத்துக்கும் ஒரே "அகெமாஷித்தா"தான். திணை, பால், எண், இடம் பார்க்க வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்!

ஆனால் "இருந்தது" என்று சொல்ல மட்டும் திணை பார்க்கணும். உயிர் உள்ளதற்கு "இமாஷித்தா", உயிர் இல்லாததற்கு "அரிமாஷித்தா". ஆடு இமாஷித்தா. கல் அரிமாஷித்தா. மரத்துக்கு உயிர் உண்டு என்று அறிவியலில் படிக்கிறோம், ஆனால் நகராததால் மரத்துக்கும் அரிமாஷித்தாதான்.

குறில் நெடிலில் கவனம் தேவை. "ஒபசான்" என்றால் அத்தை, சித்தி. "ஒபாசான்" என்றால் பாட்டி. அந்தக் குழந்தைக்கு நான் சித்தி. ஒரு மாத்திரை கூடினால் பதினாலு வயசிலே நான் பாட்டி!

சின்னப் பிள்ளைகள் புத்தகத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவார்கள். பெரியவர்கள் புத்தகத்தில் இடைவெளியே கிடையாது, காஞ்சியைப் பார்த்துப் பிரித்துப் படிப்பார்கள். காஞ்சி இல்லாமல் எழுதுவதில் ஒரு சிக்கலும் உண்டு. "அமெ" என்றால் மழை. "அமெ" என்றால் மிட்டாயும்கூட. காஞ்சியில் வேறு வேறு எழுத்து, ஹிராகானாவில் ஒரே மாதிரி. குட்டிக்கு மழை பிடிக்காதா, மிட்டாய் பிடிக்காதா? அதனால் பக்கத்தில் மழைப் படம் வரைந்தே ஆகணும்.

இனி நம் தமிழ் இலக்கணத்தில் வரும் இரட்டைக்கிளவி. ஜப்பான் மொழி முழுக்க அதுதான்! பளபள என்பது "பிகாபிகா". நெஞ்சு படபட என்பது "தொகிதொகி". மழை "ஸாஸா" என்று கொட்டும். சின்ன உருண்டை உருண்டால் "கொரொகொரொ". அதே எழுத்தின் தலையில் இரண்டு சின்னக் கோடு போட்டால் கணேசன் என்பதில் வரும் க மாதிரி ஒலிக்கும், அப்போது பெரிய பாறை உருளும், இடி இடிக்கும். ரெண்டே கோட்டில் கோலிக்குண்டு பாறை ஆகிவிடுகிறது. நம்மிடம் இது இல்லையே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமை.

ஜப்பான் சிறுவர் கதை என்றால் நீமி நான்கிச்சியைச் சொல்லாமல் விட முடியாது. 1913-இல் பிறந்தவர். கொன் என்ற குட்டி நரியைப் பற்றிய அவர் கதை 1932-இல் "அகாய் தொரி" என்ற சிறுவர் இதழில் வந்தது, அந்த இதழாசிரியர் சுஸூகி மியெகிச்சி திருத்தி வெளியிட்டார். அப்போது நான்கிச்சிக்கு 18 வயசுதான்! தான் செய்த குறும்புக்கு ஈடாக அந்த நரி ஒரு ஏழைக்குக் கொட்டையும் காளானும் தினமும் ரகசியமாகக் கொண்டுபோய் வைக்கும். கடைசியில் அது தெரியாமல் அவரே நரியைச் சுட்டுவிடுவார். அக்கா சொல்லக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்றும் அங்கே நாலாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. நான்கிச்சி 29 வயதிலேயே 1943-இல் இறந்துபோனார்.

என் கதை சோகம் இல்லை. இதோ:

முகாஷி முகாஷி, அரு தொகொரொ நி, கொயாகி கா இப்பிகி இமாஷித்தா. (முன்னொரு காலத்தில் ஓரிடத்தில் ஓர் ஆட்டுக்குட்டி இருந்தது.)
கொயாகி வா அமெ கா கிராய் தெஷித்தா. (குட்டிக்கு மழை பிடிக்காது.)
அரு ஹி, அமெ கா ஸாஸா ஃபுரிமாஷித்தா. (ஒருநாள் மழை கொட்டியது.)
கொயாகி வா ஒபாசான் நொ சாரீ நொ நாகா நி ஹாயிரிமாஷித்தா. (குட்டி பாட்டியின் சேலைக்குள் புகுந்துகொண்டது.)
ஒபாசான் வா வராய்மாஷித்தா. ஒஷிமாய். (பாட்டி சிரித்தாள். முற்றும்.)

குட்டி முதல்முறை வரும்போது "கா", பிறகு "வா". நாம் "ஓர் ஆட்டுக்குட்டி" என்று தொடங்கி "அந்தக் குட்டி" என்போமே, அது மாதிரி. இந்த "வா"வை ஹ எழுத்தில் எழுதி வ என்று படிக்கணும்.

இதை "கமிஷிபாய்" முறையில் காட்டினேன். 1930-களில் ஜப்பான் தெருக்களில் சைக்கிளில் வந்து மிட்டாய் விற்றுக்கொண்டே பட அட்டைகளைக் காட்டிக் கதை சொல்வார்களாம். முதல் படத்துக்கான வரி கடைசி அட்டையின் முதுகில் இருக்கும். முதல் அட்டையை உருவிப் பின்னால் வைத்தால் அதன் முதுகில் இரண்டாம் படத்தின் வரி. படிக்கிறவர் பின்னால், பார்க்கிறவர் முன்னால். வீடியோவுக்கு இதைவிட வசதி உண்டா? அவர்கள் நேரம் நம்மைவிட மூன்றரை மணி கூடுதல். மாலை நாலரைக்குப் படித்தேன், அங்கே இரவு எட்டு. அட்டையைப் பெரியம்மா பிடித்துக்கொண்டார். மழைப் படம் வந்ததும் பெரியம்மாவே "ஸாஸா" என்றார். குழந்தையும் "ஸாஸா!" என்று கத்தியது. அப்புறம் "ஸொரெகரா? ஸொரெகரா?" என்று கேட்டது. அப்படியென்றால் "அப்புறம்?" என்று அர்த்தம். பெரியம்மாவுக்கு நான் சொல்லாமலே புரிந்துவிட்டது.

ஹிராகானா 46 எழுத்தும் சார்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுவோர் மதிய இடைவேளையில் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். சார்ட்டில் கோடு போடாதீர்கள்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி