சிசுவின் சுவாச வழியும் நுண்துளைச் சத்திரசிகிச்சையும்

பிறந்து இரண்டொரு வாரமான சிசு மூச்சை உள்ளிழுக்கும்போதெல்லாம் கீச்சென்று ஓர் ஒலி எழுமாயின், உடப்பு முதல் கற்பிட்டி வரையுள்ள நமது கரையோர இல்லங்களில் அதனைச் சளியெனக் கொண்டு கைம்மருந்து தேடுதல் இயல்பு. பாட்டிமாரின் வைத்தியத்தை நாம் இகழவில்லை. கடந்துபோகும் காலத்தையே எண்ணுகின்றோம்.

சளியின்றியும் ஒலி நீடிக்குமாயின் குறை பெரும்பாலும் குரல்வளையிலேயே உளது. அதன் வாயிலிலுள்ள குருத்தெலும்பும் மடிப்புகளும் பிறவியிலேயே தளர்ந்திருப்பதால், உட்செல்லும் காற்றுடன் அவையும் சரிந்து வழியை மறிக்கின்றன. அழும்போதும் பாலருந்தும்போதும் மல்லாந்து கிடக்கும்போதும் ஒலி மிகும். குப்புறக் கிடத்தினால் தணியும். ஆயினும் வைத்தியர் கூறாமல் அவ்வாறு உறங்கவிடுதல் ஆபத்து. பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வயதுக்குள் இது தானே மாறிவிடும். எடை குன்றுதல், நெஞ்சுக்குழி உட்குழிதல், உதடு நீலம்பாரித்தல் ஆகியன தோன்றினாலோ காத்திருத்தல் தகாது.

சிறு தடை பெருந்தீங்காவது எங்ஙனம்? கல்லூரி ஆய்வுகூடத்தில் நாம் கற்ற புவாசேயின் விதி இங்கு கைகொடுக்கும். 4 மில்லிமீற்றர் அகலமுள்ள குழலின் உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீற்றர் வீங்கினால் அகலம் பாதியாகும், பரப்புக் காற்பங்காகும், சீரான ஓட்டத்துக்குரிய தடையோ 16 மடங்காகும். வளர்ந்தோருக்கு அதே வீக்கம் வெறும் தொண்டைக் கரகரப்பு.

முன்னர், கடுமையாகத் துன்புறும் சிசுவின் கழுத்தைத் துளைத்து மூச்சுக்குழலில் குழாய் பொருத்துவதே பெரிதும் கதியாயிருந்தது. 1980களில், மயக்கமருந்து கொடுத்து வாய்வழியே ஒளிக்குழலைச் செலுத்தி, குறுகிய மடிப்பை விடுவித்து, மிகையான சவ்வை நறுக்கும் முறை பரவிற்று. புறத்தே ஒரு தழும்பும் இல்லை.

இதனினும் கொடியது, உணவுக்குழல் இடையறுந்து மூச்சுக்குழலோடு இணைந்து பிறத்தல். பிறந்தவுடனேயே வாயில் நுரை தள்ளும், முதற்பாலே புரையேறும். 1941இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கமரோன் ஹெய்ற் என்பார் நெஞ்சைத் திறந்து இக்குறையை ஒரே சிகிச்சையிற் சீர்செய்து வெற்றி கண்டார். 2000ஆம் ஆண்டளவில் அதே பணியைச் சில மில்லிமீற்றர்த் துளைகள் வழியே கமராக் கொண்டு செய்யத் தலைப்பட்டனர். பெருங்கீறலால் பிற்காலத்தில் நெஞ்சுக்கூடு கோணும் அபாயம் இதனாற் குறையும். எனினும் துளை சிறிதாதலால் தொழிலும் எளிதென்று எண்ணற்க. இதிற் பயின்ற கை இல்லாவிடத்துத் திறந்து செய்வதே மேல் என்பது எம் கருத்து.

நமக்கு அண்மையிலுள்ளவை புத்தளம், சிலாபம் வைத்தியசாலைகள். சிலாபத்திலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீற்றர் சென்றால் கொழும்புப் பொறளையில், 1895இல் தோன்றிய சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை உளது. நுரை தள்ளும் சிசுவுக்குப் பாலோ தேனோ சீனித்தண்ணீரோ ஒரு துளியும் ஊட்டலாகாது. தலையைச் சற்று உயர்த்தி வைத்து, வழிநெடுக வாய்நீரை உறிஞ்சி அகற்றத் தாதி ஒருவரை உடன்கொண்டு செல்லுதல் வேண்டும்.