அயல்நாட்டுச் சாலையும் நமது மோட்டார் சைக்கிளும்



பள்ளி விடுமுறையில் பயணம் செல்லுதல் இன்று தோட்டத்து மக்களுக்கும் உரிய இன்பமாகிவிட்டது. முன்னொரு காலத்தில் ‘சயாம்’ என்னும் சொல்லைக் கேட்டாலே நம் முதியோர் கலங்கினர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பி வராதோர் மிகப் பலர். இன்றோ அதே நாட்டிற்கு நம் இளைஞர்கள் புக்கிட் காயு ஹித்தாம் எல்லையைக் கடந்து மோட்டார் சைக்கிளிலேயே மகிழ்ச்சியோடு செல்கின்றனர். கிராபி, பூக்கெட் முதலிய இடங்களுக்குப் பேருந்தில் சென்று, அங்கே வண்டியை வாடகைக்கு எடுப்போரும் உளர்.

இம்மகிழ்ச்சியைக் குறைப்பது நம் நோக்கமன்று. எனினும், தாய்லாந்தில் சாலை விபத்தில் உயிரிழப்போருள் பத்தில் ஏழு பங்கினர் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளில் சென்றோரே. நம் மலேசியாவிலும் பத்தில் ஆறு பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றோராவர். ஆகவே இது நம் வீட்டுச் செய்தி.

ஒன்றை முதலில் மனத்தில் இருத்துவோம். அயல்நாட்டில் நேரும் விபத்துக்குரிய மருந்தை வீட்டை விட்டுப் புறப்படுமுன்பே ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும். தோட்டத்துச் செம்மண் பாதையில் நாம் எவ்வாறு வண்டி ஓட்டுகிறோமோ, அவ்வாறே அயல்நாட்டிலும் ஓட்டுவோம். பழக்கத்திற்குக் கடப்பிதழ் தேவையில்லை. அது எல்லையைத் தாண்டி நம்முடனே வரும்.

தலைக்கவசம்

1935ஆம் ஆண்டு மே மாதம், ‘அரேபிய லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் ஒருவர் தம் நாட்டில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, எதிரே மிதிவண்டியில் சென்ற இரு சிறுவர்கள்மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து உயிர் நீத்தார். அவர் தலையில் கவசம் இல்லை. அவருக்குச் சிகிச்சை அளித்தோருள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர். அவர் பின்னர் இராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியோரின் தலைக் காயங்களை ஆராய்ந்து, கவசம் உயிர் காக்கும் என்பதனை 1941இல் எடுத்துக் காட்டினார். நம் நாட்டில் 1973ஆம் ஆண்டு முதல் தலைக்கவசம் சட்டமாயிற்று.

கவசத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை நுரைப்பகுதியே நம்மைக் காப்பது. மோதும்போது அது நசுங்கி அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தின் நுரை மீண்டும் எழாது. ஆகவே வெளியே கீறல் ஒன்றுமட்டும் தெரிந்தாலும் அதனை மாற்றிவிட வேண்டும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த அறிக்கையொன்று, தலைக்கவசம் இறப்பு அபாயத்தை 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது எனக் கூறுகிறது. தாடைப் பட்டையை மாட்டாத கவசமோ, தலை தரையைத் தொடுமுன் தான் பறந்துவிடும். வாடகைக் கடையில் கொடுக்கும் கவசம் பல வேளைகளில் தளர்ந்தோ வெடித்தோ இருக்கும். ஆதலின் சிரிம் முத்திரை பெற்ற நம் சொந்தக் கவசத்தை எடுத்துச் செல்லுதல் நன்று. பின்னால் அமரும் குழந்தைக்கும் அதன் தலைக்குப் பொருந்தும் கவசம் வேண்டும்.

வேகமும் கணக்கும்

மாணவர்களே, இதனை உங்கள் கணக்குப் புத்தகத்தில் செய்து பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் செல்லும். 90 கிலோமீட்டர் வேகமானால் 25 மீட்டர். மாடு குறுக்கே வருவதனைக் கண்டு, கை பிரேக்கை அழுத்துவதற்கே ஏறக்குறைய ஒரு வினாடி ஆகிவிடும். அதன் பின்னரே வண்டி வேகம் குறையத் தொடங்கும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். ஈரச் சாலையில் இன்னும் கூடும். நீண்ட வெயிலுக்குப்பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசும் கலந்து மிகவும் வழுக்கும் என்பதனையும் மறவாதீர்கள்.

புதிய சாலையின் புதுமைகள்

தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் நம்மைப் போலவே இடப்புறம் ஓட்டுவர். வியட்நாம், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளில் வலப்புறம் ஓட்டுவர். அங்குத் திரும்பும்போதும், உணவுக்கடையிலிருந்து சாலைக்கு வரும்போதும் பழக்கம் நம்மை ஏமாற்றிவிடும். சாலையைக் கடக்கும் சிறுவர்களும் இருபுறமும் பார்த்தே கடக்க வேண்டும்.

நம் ஊரில் ‘கப்சாய்’ எனப்படும் வண்டியில் கியர் மாற்றிப் பழகியவர்க்குத் தானியங்கி ஸ்கூட்டர் புதிது. பிடியைச் சற்று முறுக்கினாலே அது பாய்ந்துவிடும். வாடகைக்கு எடுத்தவுடன் இரு பிரேக்குகள், விளக்கு, டயர் ஆகியவற்றைச் சோதித்து, கூட்டமில்லாத இடத்தில் ஓட்டிப் பழகிய பின்னரே பெருஞ்சாலைக்குச் செல்ல வேண்டும். பகலிலும் முன்விளக்கு எரியட்டும். நம் நாட்டில் 1992 முதல் அது விதியாக உள்ளது. கடைக்காரரிடம் கடப்பிதழைப் பிணையாகக் கொடுத்தல் கூடாது. மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் முதலில் கேட்கப்படுவது அதுவே.

நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்தில் சொங்க்ரான் விழா நடைபெறும். சாலையில் செல்வோர்மீது நீர் வாரி இறைப்பர். மது அருந்தி ஓட்டுவோரும் மிகுதி. அந்நாள்களில் மோட்டார் சைக்கிளைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

உரிமமும் காப்புறுதியும்

ஆசியான் நாடுகள் ஒன்றன் உரிமத்தை மற்றொன்று ஏற்க 1985ஆம் ஆண்டு கோலாலம்பூரில் உடன்பாடு செய்துகொண்டன. ஆனால் கார் ஓட்டும் உரிமம் மோட்டார் சைக்கிளுக்கு உரிமமாகாது. நம் ‘பி2’ உரிமம் 250 சி.சி. வரையுள்ள வண்டிக்கே உரியது. சாலைப் போக்குவரத்து இலாகாவில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் பெற்றுக்கொள்வது நலம். சொந்த வண்டியில் தாய்லாந்து செல்வோர் பதிவுச் சான்றிதழும், வண்டி மற்றொருவருடையதாயின் அவரது எழுத்துமூல அனுமதியும், அந்நாட்டுக் கட்டாயக் காப்புறுதியும் கொண்டு செல்ல வேண்டும். அக்கட்டாயக் காப்புறுதி மருத்துவச் செலவை ஓர் எல்லை வரையே கொடுக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தோட்டத்து இளைஞர் ஒருவர் தாய்லாந்துத் தீவொன்றில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தார். அவர் பயணக் காப்புறுதி வாங்கியிருந்தார். ஆனால் அவரிடம் இருந்தது கார் உரிமம் மட்டுமே. காப்புறுதிப் பத்திரத்தில் சிறு எழுத்தில் இருந்த நிபந்தனையைக் காட்டி நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. அவர் தாயார் தாலிக்கொடியை அடகு வைத்தார். பால்மரம் சீவும் தொழிலாளர்கள் சம்பள நாளன்று பட்டியல் போட்டுப் பணம் திரட்டினர். நம் நாட்டு அரசாங்க மருத்துவமனையில் ஒரு வெள்ளி கொடுத்து மருத்துவரைப் பார்த்துப் பழகிய நாம், அயல்நாட்டில் முழுச் செலவும் நம்முடையதே என்பதனை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே காப்புறுதி வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பணம் உண்டா? எவ்வகை உரிமம் வேண்டும்? நோயாளியைத் தாய்நாட்டிற்குக் கொண்டுவரும் செலவு அடங்குமா? விடையை எழுத்தில் பெறுங்கள். கவசமின்றியோ மது அருந்தியோ ஓட்டினாலும் பணம் கிடைக்காமற் போகலாம்.

விபத்து நேர்ந்தால்

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பழமொழி. ஊர்தி வந்து சேருமுன் அடிபட்டவர் அருகில் இருப்பது நம் கைகளே. பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் இவற்றுட் பலவற்றைச் செய்யலாம்.

1. முதலில் நம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். வரும் வண்டிகளுக்கு ஒருவர் சைகை காட்டட்டும். இயந்திரத்தை நிறுத்துக. பெட்ரோல் சிந்திய இடத்தில் தீ கூடாது.

2. உடனே அழைக்க வேண்டும். தாய்லாந்தில் அவசர மருத்துவ எண் 1669; சுற்றுலாக் காவல்துறை 1155. மலேசியாவில் 999. சிங்கப்பூரில் மருத்துவ ஊர்திக்கு 995. வியட்நாமில் 115. மொழி தெரியாவிடில் தொலைபேசியை அருகிலுள்ள கடைக்காரரிடம் கொடுத்து இடத்தைச் சொல்லச் செய்க.

3. மூச்சு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பேச்சு மூச்சின்றி இருப்பின், மார்பின் நடுவில் இரு கைகளாலும் ஏறக்குறைய 5 செண்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துக. உதவி வரும்வரை நிறுத்தற்க.

4. இரத்தம் பெருகினால் தூய துணியை வைத்து விடாது அழுத்துக. துணி நனைந்தால் அதனை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைக்க.

5. தலைக்கவசத்தைப் பிடுங்குதல் கூடாது. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் வாழ்நாள் முழுதும் கைகால் வழங்காமற் போகலாம். முகக் கண்ணாடியை மட்டும் திறந்து, தலை அசையாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொள்க. மூச்சு நின்றிருந்தாலோ அடைபட்டாலோ மட்டும், ஒருவர் கழுத்தைத் தாங்க, மற்றொருவர் மெல்லக் கழற்றலாம்.

6. நீரோ காப்பியோ கொடுத்தல் கூடாது. மயக்கத்தில் புரையேறும், அறுவைச் சிகிச்சைக்கும் தடையாகும்.

7. எழுந்து நடக்கிறார் என்று விட்டுவிடுதல் கூடாது. தலையில் அடிபட்டவர் சிறிது நேரம் நன்றாகப் பேசிப் பின்னர் மயங்கி வீழ்வதுண்டு. தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் தோன்றினால் உடனே மருத்துவமனை செல்க. வண்டியின் கைப்பிடி வயிற்றில் குத்திய பிள்ளைக்கு, வெளியே காயமில்லாமலே ஈரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம்.

சூடான புகைக்குழாய் காலிற் பட்டால், இருபது நிமிடம் ஓடும் நீரில் காட்டுக. பற்பசை, கீச்சாப், எண்ணெய் தடவுதல் நம் லயங்களில் இன்றும் உள்ள வழக்கம். அவை புண்ணைக் கெடுக்கும். மண் பட்ட காயத்திற்கு இரணஜன்னி தடுப்பூசி தேவையா என மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மருத்துவமனையில்

ஹட்யாய் நகரில் அரசாங்க மருத்துவமனையும், பல்கலைக்கழகத்தின் பெரிய மருத்துவமனையும் உள்ளன. சேர்த்தவுடன் காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணை அழைக்க வேண்டும். மருத்துவ அறிக்கை, இரசீதுகள், காவல்துறை அறிக்கை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. தென் தாய்லாந்தில் சொங்க்லா நகரில் மலேசியத் துணைத் தூதரகம் உள்ளது. வீட்டாருக்குச் செய்தி அனுப்பவும், இழந்த கடப்பிதழுக்கு மாற்று ஆவணம் பெறவும் அது துணைபுரியும். மருத்துவக் கட்டணத்தை அது செலுத்தும் என எண்ணற்க.

இரத்த வகையையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. ஆர்.எச். நெகட்டிவ் இரத்தம் இந்திய வம்சாவளியினருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவருக்கு உண்டு. தாய்லாந்து மக்களிடையே அது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆகவே அங்கு அது உடனே கிடைப்பது அரிது. நம்மவர் முன்பே சொல்லிவிட்டால் மருத்துவர் நேரத்தோடு தேடத் தொடங்குவர்.

நாம் செய்யவேண்டிய கைவேலை

மாணவர்களே, பயணத்திற்கு முன் உங்கள் தந்தை, தாய், அண்ணன், அக்காள் ஒவ்வொருவருக்கும் உள்ளங்கை அளவில் ஓர் அட்டை செய்து கொடுங்கள். அதில் பெயர், இரத்த வகை, நீரிழிவு முதலிய நோய்கள், உட்கொள்ளும் மருந்து, ஒவ்வாத மருந்து, வீட்டுத் தொலைபேசி எண், காப்புறுதி எண், செல்லும் நாட்டின் அவசர எண் ஆகியவற்றைத் தெளிவாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். பணப்பையில் ஒன்றும், கைத்தொலைபேசி உறையினுள் ஒன்றும் இருக்கட்டும். நினைவிழந்து கிடப்பவருக்காக அவ்வட்டை பேசும்.

பெற்றோர்களே, கடைக்குத்தானே செல்கிறோம், பால் கொட்டகைக்குத்தானே செல்கிறோம் என்று கவசத்தை ஆணியில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். பதினாறு வயது நிறையாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். நீங்கள் தோட்டத்தில் செய்வதனையே உங்கள் பிள்ளை நாளை தொலைதூரத்துச் சாலையில் செய்வான்.

பயிற்சி

1. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் எத்தனை மீட்டர் செல்லும்?

2. ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை ஏன் மீண்டும் அணிதல் கூடாது?

3. விபத்தில் சிக்கியவரின் தலைக்கவசத்தை எப்போது மட்டும் கழற்றலாம்?

4. உங்கள் வீட்டிலுள்ளோரின் இரத்த வகைகளைக் கேட்டறிந்து எழுதுக. அறியாதவர் பெயரைத் தனியே குறித்து, அவர்களை மருந்தகத்திற்குச் சென்று அறிந்துவருமாறு வேண்டுக.