டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுக்கும் முன்

நெஞ்சக வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, ஓய்வுபெற்ற சிஸ்டர் ஒருத்தி சொல்கிறேன். சி.ஓ.பி.டி. நோயாளிக்கு வீட்டுக்குப் போன முதல் சில வாரங்கள்தான் கண்டம். மறுபடி சேர்க்கும்படி ஆவது பெரும்பாலும் அப்போதுதான்.

1. இன்ஹேலரைப் பற்றி விளக்கிக்கொண்டு நிற்காதீர்கள். இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். "தெரியும்மா" என்பார், நம்பாதீர்கள். கேப்ஸ்யூலைத் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர் உண்டு, கருவிக்குள் ஊதுகிறவரும் உண்டு. ஸ்ப்ரே என்றால் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். வயதானவருக்கு அழுத்துவதும் இழுப்பதும் சேர்ந்து வராது. ஸ்பேசர் கொடுத்தே அனுப்புங்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும், அதற்குப் பயந்து மருந்தையே விட்டுவிடுவார். இதையெல்லாம் சேர்ந்த மறுநாளே பழக்க ஆரம்பியுங்கள். வாசலில் ஆட்டோ நிற்கும்போது சொன்னால் எதுவும் மண்டையில் ஏறாது.

2. தினமும் இழுப்பது எது, திணறும்போது இழுப்பது எது என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். உடம்பு தேறியதும் முதலில் நிற்பது தினசரி மருந்துதான்.

3. திணறல் திடீரென மோசமானவருக்கு பிரெட்னிசோன் ஸ்டீராய்டைத் தினம் 40 மில்லிகிராம் வீதம் 5 நாள் கொடுத்தாலே 14 நாளுக்கு ஈடு என்று 2013இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு காட்டியது. அதனால் பழைய சீட்டைக் காட்டி அதை மெடிக்கலில் தானாக வாங்கிப் போடுவதைக் கண்டித்தே சொல்லுங்கள்.

4. வீட்டு ஆக்ஸிஜன் எல்லோருக்கும் தேவையில்லை. தேவைப்பட்டவருக்கு நாளில் 15 மணி நேரமாவது ஓட வேண்டும். விரலில் மாட்டும் கருவியில் நூறு வரவில்லையே என்று வீட்டுப் பிள்ளைகள் ஆசையாக அளவை ஏற்றிவிடுவார்கள். சி.ஓ.பி.டி. நோயாளிக்கு 88 முதல் 92 போதும். மிஞ்சினால் கரியமில வாயு தேங்கி மயங்கிவிடுவார். பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் கூடாது.

5. பாட்டி பீடி குடித்ததில்லை என்றால் அடுப்புப் புகையைப் பற்றிக் கேளுங்கள். சிலிண்டர் இருக்கும், வெந்நீருக்கு மட்டும் விறகு எரியும்.

6. படுத்தே கிடக்க விடக்கூடாது. திண்ணையிலிருந்து தெருமுனை வரை, உதட்டைக் குவித்து மூச்சை விட்டபடி நடக்கட்டும்.

7. "அப்புறம் வாங்க" என்று அனுப்பாதீர்கள். நான்கு வாரத்துக்குள் ஒரு தேதி, மூன்று மாத வாக்கில் இன்னொன்று. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை அன்றே பேசுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் அம்மா அந்த வீட்டுக்கு வந்தால், இந்தத் தேதிகளை அவர் காதிலும் போட்டு வையுங்கள்.

8. சீட்டை வாசிக்கப்போவது மருமகளோ பேத்தியோதான். அவளிடம் சொல்லுங்கள்: சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், வழக்கத்தைவிட மூச்சு இளைத்தால், அன்றைக்கே கூட்டிவர வேண்டும். உதடு நீலம் பாரித்தால், பேசும்போதே கண் சொருகினால், 108.