திரைவழிக் குடும்ப ஆலோசனை

‘மகன் எங்களுடன் பேசுவதேயில்லை’ என்று பெற்றோர் முறையிடுவர். குடும்ப உளநல ஆலோசகரோ அவனை மட்டும் ஆராய்வதில்லை. ஒருவர் பேசுகையில் குறுக்கிடுபவர் யார், தலைகுனிபவர் யார் என்பதையே நோக்குவார். சால்வடோர் மினுச்சின் வகுத்த முறை இத்தகையது. இணையவழி அமர்வில் முகங்கள் தெரியும். மேசைக்கடியில் இறுகும் விரல்கள் தெரிவதில்லை. ஆயினும், அடுத்த அறைக்கதவு அறைந்து சாத்தப்படும் ஓசை கேட்கும். மருத்துவமனை அறையில் அது கேட்காது!

அமெரிக்காவில் இப்பணிக்கு மாநில உரிமம் வேண்டும். கலிபோர்னியா 1963ஆம் ஆண்டில் அதற்குச் சட்டம் இயற்றியது. பொதுவாக, உதவி பெறுபவர் இருக்கும் மாநிலத்திலும் ஆலோசகருக்கு அனுமதி இருத்தல் வேண்டும். ஆகவே, வெளிமாநிலக் கல்லூரியில் பயிலும் மகள் திரையில் இணைந்ததும், “இப்போது எங்கே இருக்கிறீர்கள்?” என்று ஆலோசகர் முதலில் வினவுவார். நெருக்கடி நேரின் உதவியை எங்கு அனுப்புவது என்பதும் அவ்விடையில் அடங்கியுள்ளது.