கருவியும் கல்வியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறத்தே, தென்காசியிலிருந்து இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் வாசுதேவநல்லூர். இவ்வட்டாரத்து இளைஞர் கணிப்பொறித் தொழிலை நாடின், முன்னாளில் தொலைநகர்களுக்கே செல்ல நேரும். ஜோஹோ நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்தபின், அண்மையிலேயே ஒரு வாயில் திறந்தது. கல்லூரிப் பட்டம் பெறாதார்க்கும் நிரல் எழுதப் பயிற்றும் பள்ளியை அந்நிறுவனம் அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. பட்டம் இல்லாதார்க்குத் திறமே சான்று. அத்திறம் குறையின் வேறு துணை இல்லை.

கணிப்பொறிக்கு மாந்தர் இடும் கட்டளைகளின் தொகுதியே நிரல் எனப்படும். இன்று வேண்டுவதைக் கூறினால், செயற்கை நுண்ணறிவுக் கருவியே நிரலை எழுதித் தருகின்றது. அது, பிறர் எழுதிய எண்ணிறந்த நிரல்களைப் பயின்று, அடுத்து வரத்தக்கது யாதென ஊகித்து எழுதுவதாகும். ஆதலின், அது தருவது பலகாலும் சரியாக அமையும். சிலபோது சரியெனத் தோன்றிப் பிழையாக முடியும்.

இதனாற் கல்வி வளருமா, தளருமா? ஆந்திரோபிக் என்னும் அமெரிக்க நிறுவனத்தார் 2026-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். அதில் 52 பேர் தமக்குப் புதியதொரு நிரற்பகுதியைக் கற்றனர். பின்னர் நடந்த தேர்வில், தாமே எழுதியோர் சராசரியாக நூற்றுக்கு 67 மதிப்பெண் பெற்றனர். கருவியைத் துணைக்கொண்டோர் 50 பெற்றனர். பிழை கண்டறியும் வினாக்களிலேயே வேறுபாடு மிகுந்திருந்தது. ஆயினும், கருவியிடம் விடையை மட்டும் பெறாது, விளக்கமும் கேட்டுத் தெளிந்தோர் நன்மதிப்பெண் பெற்றனர்.

தமிழ் ஏடுகளின் வரலாறும் இவ்வுண்மையையே உணர்த்தும். பொருளுணராது படியெடுத்தோர், பழைய பிழையோடு தம் பிழையையும் சேர்த்து எழுதினர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல படிகளைத் திரட்டி, ஒப்புநோக்கி, ஐயம் நீங்கி, 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். எழுத்தறிந்தார் எவரும் படியெடுக்கலாம். பொருளறிந்தாரே பிழை காண்பர்.

வாசுதேவநல்லூர் மாணவர் ஒருவர் நாளை வங்கிக்கு நிரல் எழுத நேரலாம். அதிற் பிழையிருப்பின், உழவர் ஒருவரின் சேமிப்புக் கணக்குத் தவறிவிடும். அன்று விடை கூற வேண்டியவர் எழுதியவரே, கருவி அன்று. ஆதலின், கற்குங்காலத்தில் முதலில் தானே எழுதுக. பின்னர்க் கருவி எழுதியதனோடு ஒப்புநோக்குக. விளங்காத வரி ஒன்றையும் ஏற்காதிருக்க.